ஒரு நாளைக்கு ஒரு குறை

என் மனைவி இறந்த பிறகு செய்ய வேண்டிய நடைமுறைகளை இருபத்தாறு நாளில் முடித்தேன். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, குடும்ப அட்டையில் பெயர் நீக்கம், அவள் பெயரில் இருந்த எரிவாயு இணைப்பு, வங்கிக் கணக்கு. எந்த அலுவலகத்திலிருந்தும் ஒரு மனுகூடத் திரும்பி வரவில்லை. ஓர் அலுவலகத்தில் இருந்த பெண் என் விண்ணப்பத்தைப் புரட்டிவிட்டு, "எல்லாரும் இப்படிக் குடுத்தா எங்களுக்கு வேலையே இருக்காது சார்" என்றார். பாராட்டுதான். இருபத்தேழாம் நாள் காலையில் எழுந்து காபி போட்டுக் குடித்தேன். அதன் பிறகு செய்வதற்கு ஒன்றும் இல்லை. இது நடந்து ஐந்து வருடம் ஆகிறது.

நான் நீதிமன்ற ஊழியன். எழுத்தராகச் சேர்ந்து பல ஊர்கள் சுற்றி, கடைசியில் ஸ்ரீவில்லிபுத்தூரில் சிரஸ்தாராக, அதாவது அலுவலகத்தின் தலைமை எழுத்தராக, ஓய்வு பெற்றேன். வீடு ராஜபாளையத்தில். மாமனார் கொடுத்த வீடு, ஆகவே மாறவே இல்லை. ஆங்கில இலக்கியத்தில் எம்.ஏ. படித்திருக்கிறேன். முப்பத்துநான்கு வருடப் பணியில் அது எனக்கு ஒரே ஒரு முறை பயன்பட்டது. ஒரு நீதிபதி தன் பேத்தியின் பள்ளிக் கட்டுரையைத் திருத்தச் சொன்னார்.

தாக்கலாகும் எந்த மனுவும் முதலில் எங்கள் மேசைக்குத்தான் வரும். கையெழுத்து இல்லை, நகல் குறைவு, சட்டப்பிரிவு தவறு என்று ஏதாவது இருந்தால் அதைப் பின்பக்கத்தில் எழுதி, தேதி போட்டுத் திருப்புவோம். இதற்கு ரிட்டர்ன் என்று பெயர். சரிசெய்து மறுபடியும் தாக்கல் செய்யலாம். ரிட்டர்ன் போடுவதில் இரண்டு வகை உண்டு. எல்லாக் குறைகளையும் ஒரே தடவையில் எழுதித் திருப்புவது ஒரு வகை. ஒரே ஒரு குறையை எழுதித் திருப்பி, அது சரியாகி வந்ததும் அடுத்ததைக் கண்டுபிடிப்பது மற்றொரு வகை. நான் முதன்முதலில் வேலைக்குச் சேர்ந்த ஊரில், ஊர்ப் பெயர் வேண்டாம், எனக்கு மேலே இருந்தவர் இரண்டாம் வகை. ஒரு விவாகரத்து மனுவை ஏழு தடவை திருப்பினார். எட்டாவது தடவை அது வரவில்லை. கணவனும் மனைவியும் அலுத்துப்போய்ச் சமாதானமாகிவிட்டார்கள். "பாத்தியா, ஒரு குடும்பத்தைச் சேத்து வச்சிட்டேன்" என்று அவர் ஓய்வு பெறும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் முதல் வகை. பணிக்காலம் முழுவதும் ஒரு மனுவை இரண்டாம் முறை நான் திருப்பியதில்லை. இதைப் பெருமையாகத்தான் சொல்கிறேன், ஏனென்றால் கீழே சொல்லப்போவதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை.

நாங்கள் புதிதாகக் கல்யாணம் ஆனவர்களாக இருந்தபோது ஓர் இன்ஸ்பெக்டர் படம் வந்தது. கொலை நடந்த வீட்டு வாசலில் பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போகிற இன்ஸ்பெக்டர். அவர் குனிந்து கயிற்றை அவிழ்க்கும்போதே தியேட்டரில் விசில் பறக்கும். அதே இன்ஸ்பெக்டரை வைத்து அதே இயக்குநர் மூன்று படங்கள் எடுத்தார். மனைவிக்கு அந்தப் படங்கள் என்றால் உயிர். எனக்கும்தான், ஆனால் எனக்கு வாயை மூடிக்கொண்டு படம் பார்க்கத் தெரியாது. "மகஜருக்குச் சாட்சி எங்கே?" என்று இருட்டுக்குள் சத்தமாகக் கேட்பேன். போலீஸ் ஒரு பொருளைக் கைப்பற்றும்போது சாட்சிகள் முன் எழுதும் பட்டியல்தான் மகஜர்.

"செத்த நேரம் சும்மா இருங்களேன். மத்தவுக படம் பாக்க வேண்டாமா? அம்புட்டு ஆத்திரமா இருந்தா வீட்டுக்குப் போயி அந்தாளுக்குக் கடுதாசி போடுங்க" என்பாள்.

மூன்றாவது படம் முடிந்ததும் போட்டேன். ஓர் இன்லேண்டு கடிதத்தில் இருபத்துமூன்று குறைகள், வரிசை எண்ணுடன். பதில் வரவில்லை. அந்த வரிசையில் நான்காவது படமும் வரவில்லை. "நீங்க எழுதுன எழுத்துல மனுசன் அந்த இன்ஸ்பெக்டரையே வேலைய விட்டுத் தூக்கிட்டாரு" என்று மனைவி வருடக்கணக்கில் கேலி செய்தாள்.

போன வருடம் ஒரு நாள், மாதத்தின் இருபத்தைந்தாம் தேதி, பதினொரு மணிக்கு வாசலில் கார் வந்து நின்றது. வீட்டு வேலைக்கு வரும் அம்மாள் அன்றைக்குத் தாமதமாக வந்ததால் அப்போது உள்ளே இருந்தார். வத்திராயிருப்புப் பக்கம் பிறந்து இங்கே வாழ்க்கைப்பட்டவர். எதையும் அறிவிப்பாகத்தான் சொல்வார்.

"ஐயா, ஒங்களத் தேடி ஒருத்தக கார்ல வந்திருக்காக. பெரிய எடமாத் தெரியுது. கை மட்டும் நடுங்குது. கூட ஒரு பொம்பளப் பிள்ள, முழுக்கால் சட்ட போட்டிருக்கு."

வந்தவருக்கு எழுபத்தாறு வயது இருக்கும். ஒரு கண்ணில் சமீபத்தில் அறுவை சிகிச்சை ஆகி, கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். நடுங்கும் கையில் என் இன்லேண்டு கடிதம் இருந்தது. மடிப்புகளில் நைந்து, நாலு துண்டாகப் பிரியாமல் இருக்க ஒட்டுத்தாள் போட்டிருந்தது.

"இதை எழுதினவர் இருக்காரா?"

"இருக்கார். ஓய்வு பெற்றுவிட்டார்" என்றேன்.

அந்த இயக்குநர் உட்கார்ந்து, சுற்றி வளைக்காமல் விஷயத்தைச் சொன்னார். கடைசியாக அவர் எடுத்த மூன்று படங்களும் மூன்று நாள்கூட ஓடவில்லை. பத்து வருடமாக யாரும் கூப்பிடவில்லை. இப்போது ஒரு தயாரிப்பாளர், இன்ஸ்பெக்டர் திரும்பி வருவதானால் மட்டும் எடுக்கிறேன் என்று முன்வந்திருக்கிறார். அதே நடிகர், வயதான இன்ஸ்பெக்டராக. "இது ஓடலன்னாலும் பரவாயில்ல சார். ஆனா உங்களை மாதிரி ஒருத்தர் கடிதம் எழுதற மாதிரி இருக்கக் கூடாது. இப்பல்லாம் கடிதம்கூட எழுதறதில்ல. முதல் காட்சி முடியறதுக்குள்ள மொபைல்ல கிழிச்சுத் தொங்க விட்டுடறாங்க." ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு லாட்ஜில் அறை எடுத்திருப்பதாகவும் மூன்று நாள் இருப்பதாகவும் சொன்னார். நூற்றுப்பன்னிரண்டு பக்கத் திரைக்கதையை என் மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். உதவி இயக்குநரான அந்தப் பெண், போகும்போது தன் தொலைபேசி எண்ணைப் பின்னட்டையில் எழுதிவிட்டுப் போனாள்.

அன்று மாலைக்குள் படித்து முடித்தேன். பத்தொன்பது குறைகள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் குறிப்பு எழுதி, கீழே என் சுருக்கொப்பமும் தேதியும் போட்டேன். யாரும் கேட்டுச் செய்வதல்ல, கைப்பழக்கம். கோப்பில் எந்தத் திருத்தம் செய்தாலும் யார் செய்தது, என்றைக்குச் செய்தது என்று தெரிய வேண்டும். நான் மளிகைச் சீட்டில் துவரம் பருப்பை அடித்து எழுதினால்கூடப் பக்கத்தில் சுருக்கொப்பம் இருக்கும்.

பத்தொன்பதில் பதினெட்டு சில்லறை. ஒன்று மட்டும் கொல்லும் குறை. அது தொண்ணூற்றுநான்காம் பக்கத்தில் இருந்தது.

கதை இதுதான். முப்பது வருடத்துக்கு முன்பு ஒரு கொலை வழக்கில் இன்ஸ்பெக்டர் ஒருவனைப் பிடித்துக் கொடுக்கிறார். அவனுக்குத் தண்டனை ஆகிறது. அவன் சிறையில் சாகிறான். ஓய்வு பெற்ற இன்ஸ்பெக்டருக்கு, தான் பிடித்த ஆள் சரியான ஆள்தானா என்று சந்தேகம் வருகிறது. நீதிமன்றத்தின் சொத்து அறைக்குப் போய், வழக்கின் சான்றுப் பொருளான ரத்தக்கறைச் சட்டையை எடுத்துப் பார்க்கிறார். சிறையில் செத்தவனின் உடம்புக்கு அது பொருந்தியிருக்கவே முடியாது என்று அவருக்குத் தெரிகிறது. அங்கிருந்துதான் படம் உச்சத்துக்கு ஏறுகிறது.

நல்ல கதை. ஆனால் அந்தச் சட்டை அங்கே இருக்காது. தீர்ப்பின் கடைசிப் பத்தியிலேயே எழுதியிருக்கும்: மதிப்பற்ற பொருட்கள் மேல்முறையீட்டுக் காலம் முடிந்ததும் அழிக்கப்பட வேண்டும். அழிப்போம். நடுவர் முன்னிலையில், வளாகத்தின் பின்புறம், மண்ணெண்ணெய் ஊற்றி. எத்தனை சட்டைகள், எத்தனை சேலைகள் எரிந்ததற்கு நான் பதிவேட்டில் எழுதியிருக்கிறேன். சட்டை இல்லையென்றால் படம் இல்லை. "சா.பொ. இருக்காது" என்று சான்றுப் பொருளைச் சுருக்கி எழுதி, சுருக்கொப்பமிட்டு, தேதி போட்டேன்.

மறுநாள் அவர் வந்ததும் முதலில் அதைச் சொல்வதாகத்தான் இருந்தேன். ஆனால் காலையில் வேலைக்கார அம்மாள் அரிசியை அளந்துகொண்டே, "அந்தப் படக்காரவுக இன்னைக்கும் வாராகளா? எம்புட்டு அரிசி போட?" என்று கேட்டபோது, "ரெண்டு பேருக்குப் போடுங்க" என்று சொல்லியிருந்தேன். நான்கு வருடமாக அந்த வீட்டில் யாரும் அந்த வாக்கியத்தைச் சொல்லவில்லை.

பதினொரு மணிக்கு அவர் வந்தார். அந்தப் பெண் படப்பிடிப்புக்கு இடம் பார்க்க எங்கோ போயிருந்தாள்.

"நிறைய இருக்கா சார்?" என்று கேட்டார்.

"இன்னைக்கு ஒண்ணு பாப்போம்" என்றேன்.

அன்றைய குறை மகஜர். இன்ஸ்பெக்டர் கத்தியைக் கைக்குட்டையால் எடுத்துச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொள்கிறார். அப்படிப் போட முடியாது. கைப்பற்றியதற்கு மகஜர் எழுத வேண்டும், இரண்டு சாட்சிகள் கையெழுத்துப் போட வேண்டும், பொருள் படிவம் தொண்ணூற்றைந்தோடு நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். "எங்க பக்கம் கொலை விழுந்தா முதல்ல தேடறது கொலைகாரனை இல்ல. கிராம நிர்வாக அலுவலரையும் அவரோட உதவியாளரையும்தான். அவங்க ரெண்டு பேர் கையெழுத்து இல்லாம இந்த மாவட்டத்துல ரத்தம் காய்ஞ்சதே இல்ல" என்றேன். அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுத் தெலுங்குக்கார அம்மாள் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தார். என் வீட்டிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டு அவருக்கும் வெகுநாளாகியிருக்கும்.

சாப்பிட்டுவிட்டுப் போகும்போது அவர், "பூட்ஸைப் பத்தி அந்தக் கடிதத்துல முதல் குறையா எழுதியிருந்தீங்க. யூனிபார்ம்ல இருக்கறவர் பூட்ஸைக் கழற்ற மாட்டார்னு" என்றார்.

"ஆமா. கழற்ற மாட்டார்."

"எங்க அப்பா வீட்டுலயே தூக்கு மாட்டிக்கிட்டார். எனக்கு ஒன்பது வயசு. விசாரிக்க வந்த போலீஸ்காரர், இறக்கிப் படுக்க வச்சிருந்த பாய்மேல பூட்ஸோட நடந்து போனார். அந்த ஆளைத்தான் நான் சரிசெஞ்சேன்."

நான் அந்தக் குறையை நாற்பது வருடம் கழித்து மனதுக்குள் ரத்து செய்தேன்.

மூன்று நாள் என்று வந்தவர் அதற்குப் பிறகும் தினமும் வந்தார். முதல் தகவல் அறிக்கை நடுவர் வீட்டுக்கு எந்நேரம் போய்ச் சேர்ந்தது என்று அவர் கைப்பட எழுத வேண்டும் என்பதற்கு ஒரு நாள். சாட்சியை டவாலி, அதாவது நீதிமன்றச் சேவகர், மூன்று முறை கூப்பிட வேண்டும், படத்தில் இரண்டு முறைதான் கூப்பிடுகிறார் என்பதற்கு ஒரு நாள். உண்மையில் அதைச் சொல்ல அரை நிமிடம் போதும். மீதி நேரத்துக்கு அவர் தன் செத்துப்போன நண்பர்களைப் பற்றிச் சொன்னார். நான் செத்துப்போன வழக்குகளைப் பற்றிச் சொன்னேன். ஒவ்வொரு நாளும் எழுந்திருக்கும்போது, "இனி வேற இருக்கா சார்?" என்று கேட்பார். "நாளைக்கு ஒண்ணு பாப்போம்" என்பேன். புனேயில் இருக்கும் மகள் ஞாயிற்றுக்கிழமை பேசும்போது, என் குரல் நன்றாக இருப்பதாகச் சொன்னாள். வேலைக்கார அம்மாள் நேராகவே கேட்டார்:

"என்ன ஐயா, மூஞ்சி எண்ண தேச்ச மாதிரி மினுங்குது? ஒங்களையும் படத்துல போடுதாகளா?"

"ஆமா. பொணமா நடிக்கச் சொல்லியிருக்காக."

"அதுக்கு ஒங்களுக்குச் சொல்லியா குடுக்கணும்? நாலு வருசமா அதத்தான செய்யுதிய" என்று சொல்லிவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு துடைப்பத்தை எடுத்தார்.

ஐந்தாம் தேதி, நீதிமன்றத்தின் வெளித்தோற்றத்தையாவது பார்க்க வேண்டும் என்றார் இயக்குநர். மூவரும் ஸ்ரீவில்லிபுத்தூர் போய் எதிர்ச்சாரியில் இருந்த டீக்கடையில் உட்கார்ந்தோம். கடைக்காரருக்கு என்னைத் தெரியும்.

"வாங்க சார், பாத்து எம்புட்டு நாளாச்சு. பென்சன் வாங்குனா டீ குடிக்கப்படாதுன்னு சட்டமா?" என்றவர், இயக்குநரைக் காட்டி, "அண்ணாச்சி யாரு? கேஸ் விசயமா வந்திருக்காகளோ? சாட்சியா, எதிரியா?" என்றார். எங்கள் பக்கம் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிரி என்று பெயர்.

"இன்னும் முடிவாகல" என்றார் இயக்குநர்.

"எதிரின்னா நல்ல வக்கீலாப் பாருங்க. சாட்சின்னா வாங்குன டீக்கு மறந்துராதீய."

அவர் சிரித்தார். ஆனால் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, போடாமலே கொஞ்ச நேரம் வைத்திருந்தார். கடையில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். பாதிப் பேர் அந்தப் படங்களுக்கு விசில் அடித்த வயதுக்காரர்கள். ஒருவருக்கும் அந்த முகம் தெரியவில்லை. பிறகு தொலைபேசி வந்து, அவர் எழுந்து நிழல் பார்த்துத் தள்ளிப் போனார்.

அந்தப் பெண் என் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"சார், தப்பா நினைக்காதீங்க. இன்னும் எத்தனை கரெக்‌ஷன் இருக்கு?"

"கொஞ்சம் இருக்கும்மா."

"ஹீரோ சார் பத்தாம் தேதியிலிருந்து நாப்பது நாள் குடுத்திருக்கார். அது முடிஞ்சதும் அவருக்கு முட்டி ஆபரேஷன், ஆறு மாசம் நடக்க மாட்டார். எட்டாம் தேதிக்குள்ள முடிஞ்ச ஸ்கிரிப்ட் கைக்கு வரலன்னா படத்தை விட்டுடறேன்னு புரொடியூசர் சொல்லிட்டார். இப்ப போன்ல அவர்தான். நான் எவ்வளவு சொல்லியும் டைரக்டர் சார் கேக்க மாட்டேங்கறார். 'அவர் ஒவ்வொண்ணா யோசிச்சுச் சொல்றார், அவசரப்படுத்தாதே'ங்கறார்."

எட்டாம் தேதிக்கு மூன்று நாள். கையில் ஒன்பது குறைகள், அதில் ஒன்று படத்தையே சாய்ப்பது. ஒரு மனுவுக்குக் காலக்கெடு முடியப்போவது தெரிந்தும் அதை மேசைக்குள் வைத்திருக்கும் எழுத்தருக்கு என்ன தண்டனை என்று எனக்குத் தெரியும். அந்த மெமோவை நானே பிறருக்குத் தட்டச்சு செய்து கொடுத்திருக்கிறேன். இயக்குநர் திரும்பி வந்து, "நாளைக்கு ஒண்ணு பாப்போமா சார்?" என்று கேட்டார். "பாப்போம்" என்றேன். அந்தப் பெண் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத விருப்பமில்லை.

ஆறாம் தேதி அவர் தனியாக வந்தார். காபி வேண்டாம் என்றார். இன்லேண்டு கடிதத்தை மேசைமேல் விரித்தார்.

"ராத்திரி பூரா இதைப் படிச்சேன். இருபத்துமூணு தப்பு. படம் பாத்துட்டு வந்து, ஒரே மூச்சுல எழுதியிருக்கீங்க. அதே ஆள் பத்து நாள்ல பத்து தப்புதான் சொல்லியிருக்கார். ஒரு நாளைக்குச் சரியா ஒண்ணு. நான் க்ரைம் படம் எடுக்கறவன் சார். இதைக் கண்டுபிடிக்க எனக்குப் பத்து நாள் ஆகியிருக்கக் கூடாது. நீங்க குறிப்பு எழுதின ஸ்கிரிப்டைக் குடுங்க."

கொடுக்காமல் இருக்க எந்த நடைமுறையும் இல்லை. கொடுத்தேன். அவர் பக்கம் பக்கமாகப் புரட்டினார். முதல் குறிப்புக்குக் கீழே இருபத்தைந்தாம் தேதி. இரண்டாவதற்கும் அதே. ஒவ்வொரு பக்க ஓரத்திலும் என் சுருக்கொப்பமும் அதே தேதியும், அழகாக, தெளிவாக. கையும் களவுமாகப் பிடிபட்ட எத்தனையோ பேரை நான் பார்த்திருக்கிறேன். தன் குற்றத்துக்குத் தானே தேதி போட்டு ஒப்பமிட்டவன் ஒருவனையும் பார்த்ததில்லை.

தொண்ணூற்றுநான்காம் பக்கத்தில் நின்றார்.

"சா.பொ. இருக்காதுன்னா?"

சொன்னேன். தீர்ப்பின் கடைசிப் பத்தி, மேல்முறையீட்டுக் காலம், மண்ணெண்ணெய் எல்லாம்.

"படம் இந்தச் சட்டைமேலதான் நிக்குது."

"ஆமா."

"இது முதல் நாளே உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"ஏன் சார்?"

பணிக்காலத்தில் விளக்கம் கேட்டு வரும் குறிப்பாணைகளுக்கு நான் எழுதிக் கொடுத்த பதில்கள் பிரசித்தம். மூன்று பத்தி, இரண்டு விதி மேற்கோள், ஒரு வருத்தம். அன்று ஒரு வரிதான் வந்தது.

"சொல்லியிருந்தா நீங்க மறுநாள் வந்திருக்க மாட்டீங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். அறுவை செய்த கண்ணில் நீர் வடிந்துகொண்டே இருந்தது. அது சிகிச்சையால் வருவது, எனக்காக இல்லை. பிறகு கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். திரைக்கதை மேசைமேலேயே கிடந்தது. அடுப்பில் இரண்டு பேருக்கு ஆக்கிய சோறு இருந்தது.

மதியம் முழுக்க உட்கார்ந்து எழுதினேன். மீதி எட்டுச் சில்லறைக் குறைகளும் அரைப் பக்கத்தில் முடிந்துவிட்டன. ஒன்பதாவதைச் சட்டை என்று தலைப்பிட்டு எழுதி, பேனாவை வைத்தேன். எங்கள் வேலை அதோடு முடிகிறது. குறையைச் சொல்வதுதான் அலுவலகத்தின் வேலை, அதை எப்படிச் சரிசெய்வது என்பது மனுதாரர் பாடு. யாராவது கேட்டால், "உங்க வக்கீலைக் கேளுங்க" என்று சொல்லி அனுப்புவோம். நான் ஒரு முறைகூட மீறியதில்லை. மறுபடியும் பேனாவை எடுத்து, எப்படிச் சரிசெய்யலாம் என்று எழுதினேன்.

ஏழாம் தேதி காலை முதல் பேருந்திலேயே ஸ்ரீவில்லிபுத்தூர் போய் லாட்ஜ் கதவைத் தட்டினேன். அந்தப் பெண் திறந்தாள். உள்ளே கட்டில்மேல் பெட்டி திறந்து கிடந்தது, பாதி அடுக்கியிருந்தது. இயக்குநர் பனியனோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். "வாங்க" என்று சொல்லவில்லை. தாளை நீட்டினேன். கை நடுங்கியதால் படிக்க முடியாமல், "நீ படி" என்று அவளிடம் கொடுத்தார். அவள் எட்டையும் வேகமாகப் படித்தாள். ஒன்பதாவதில் நிதானமானாள்.

"கொலையில் இரண்டு எதிரிகள் என்றும் இரண்டாம் எதிரி விசாரணைக்கு முன்பே தலைமறைவு என்றும் வைத்துக்கொண்டால், அவன்மீதான வழக்கு தனியாகப் பிரிக்கப்படும். பிரிந்த வழக்கு முடியும்வரை சான்றுப் பொருட்களை அழிக்கக் கூடாது."

அவர் நிமிர்ந்தார். "எத்தனை வருஷம் வச்சிருப்பாங்க?"

"அவன் வர்ற வரைக்கும்" என்றேன். "இல்லன்னா செத்துட்டான்னு சான்று வர்ற வரைக்கும்."

"முப்பது வருஷம் ஆனாலும்?"

"ஆனாலும். சொத்து அறையில ஒரு மூலையே அப்படி இருக்கும். பொட்டலத்துல வழக்கு எண் எழுதி, அரக்கு வச்சு. ஆள் வரமாட்டான்னு எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் பொறுப்பு மாறும்போதெல்லாம் எண்ணிப் பார்த்துக் கையெழுத்துப் போட்டு அடுத்தவர்கிட்ட ஒப்படைக்கணும்."

பிறகு அவர் எழுந்து நின்றார். எழுபத்தாறு வயதுக்காரர் எழுவது போல இல்லை.

"அப்போ சட்டை முக்கியம் இல்லடி. அந்த ரெண்டாவது ஆள் யாருங்கறதுதான் படம். இன்ஸ்பெக்டர் அவனை முப்பது வருஷமா ஏன் தேடல? எழுது, எழுது. லேப்டாப்பை எடு. பெட்டிய மூடு மொதல்ல."

"சார், அவன் இன்ஸ்பெக்டருக்குத் தெரிஞ்சவனா இருந்தா?"

"தெரிஞ்சவன்தான்! அவர் விட்டுட்டார். இரு, இரு, உடனே சொல்லாதே, இடைவேளைக்கு அப்புறம் சொல்லு."

இருவரும் கட்டிலின் இரண்டு பக்கமும் உட்கார்ந்து வேலையைத் தொடங்கினார்கள். நான் ஓரத்தில் இருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தேன். நடைமுறைச் சந்தேகம் ஏதாவது வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. எல்லாம் தாளில் இருந்தது. நான் எழுதினால் அப்படித்தான், யாரும் திரும்பிக் கேட்க வேண்டி இருக்காது. ஒரு மணி நேரம் ஆயிற்று. ஒரு முறை இயக்குநர் என் பக்கம் திரும்பினார்.

"இதை மொத நாளே சொல்லியிருந்தா நான் மறுநாளே மெட்ராஸ் போயிருப்பேன் சார். நீங்க சொன்னது சரிதான்" என்றார். அதில் கோபமும் இல்லை, மன்னிப்பும் இல்லை. ஒரு கணக்கைச் சரிபார்த்துச் சொன்னது போல இருந்தது. உடனே அவள் பக்கம் திரும்பிவிட்டார்.

எழுந்து செருப்பைப் போட்டேன். கதவருகே போனதும் அவர் குரல் வந்தது.

"சார்!"

திரும்பினேன்.

"கதவை நல்லாச் சாத்திட்டுப் போங்க. ஏசி ஓடுது."

சாத்தினேன். பேருந்தில் உட்கார இடம் இருந்தது. ராஜபாளையத்தில் இறங்கியபோது மணி பதினொன்றாகவில்லை. வேலைக்கார அம்மாள் கிளம்பிக்கொண்டிருந்தார். "இன்னைக்கு அவுக வரலையா?" என்று கேட்டார். இல்லை என்றேன். அரிசியைப் பற்றி அவர் எதுவும் கேட்கவில்லை. அன்றிலிருந்து அவராகவே அளவைக் குறைத்துவிட்டார்.

பத்தாம் தேதி படப்பிடிப்பு தொடங்கியதைச் செய்தித்தாளில் பார்த்து, எட்டாம் தேதி திரைக்கதை போய்ச் சேர்ந்துவிட்டது என்று தெரிந்துகொண்டேன். கதை மாறியதால் எங்கள் பக்கம் எடுக்க ஒன்றும் இல்லாமல் போயிற்று. நீதிமன்றம், சொத்து அறை எல்லாமே சென்னையில் செட்டாம். புகைப்படத்தில் வயதான நடிகர் பூட்ஸ் கயிற்றை அவிழ்க்கக் குனிந்திருந்தார். பின்னால், கறுப்புக் கண்ணாடியோடு, இயக்குநர் யாரையோ திட்டிக்கொண்டிருந்தார். நன்றாக இருந்தார்.

மூன்று மாதம் கழித்து ஒரு நாள் முற்பகலில் அந்தப் பெண் தொலைபேசியில் அழைத்தாள்.

"சார், படம் முடிஞ்சுது. டைட்டில்ல உங்க பேரைப் போடச் சொல்லியிருக்கார். இனிஷியல் முன்னாலயா, பின்னாலயா?"

"முன்னால. ஒரே எழுத்துத்தான். புள்ளி வேணும்."

"பதவி?"

"போட வேண்டாம். ஓய்வு பெற்றவன் பதவியைப் போட்டுக்கிறதுல சில சிக்கல் இருக்கு."

அவள் குறித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது. "டைரக்டர் சார் எப்படி இருக்கார்?" என்று கேட்டேன். அடுத்த படத்துக்குக் கதை யோசிக்கிறார் என்றாள். ஐந்தாவது இன்ஸ்பெக்டர் படம். தயாரிப்பாளரே கேட்டாராம். பேரைத் தட்டச்சு செய்து எனக்கு அனுப்பினாள். எழுத்துப்பிழை இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னாள்.

பார்த்தேன். இனிஷியல் முன்னால் இருந்தது. புள்ளி இருந்தது. எழுத்துகள் சரியாக இருந்தன. மறுபடியும் ஒருமுறை, முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை, பணிக்காலத்தில் எந்த மனுவையும் பார்க்காத அளவு மெதுவாகப் பார்த்தேன்.

"சார்? லைன்ல இருக்கீங்களா? ஏதாவது கரெக்‌ஷன் இருக்கா?"

"இல்லம்மா" என்றேன். "எல்லாம் சரியா இருக்கு."